சூடானுக்காகக் குரல்கொடுக்க முனையும் சிறு அமைப்புகளுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

2023 ஏப்ரல் 15ஆம் நாள், சூடான் இராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணை இராணுவத்துக்கும் இடையே தலைநகர் கார்ட்டூமுக்குள்ளேயே மூண்ட போர், இரண்டு ஆண்டுகளுக்குள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வீடு வாசலை விட்டு விரட்டியது. ஏறத்தாழ 5 கோடி மக்கள் வாழும் அந்த நாட்டில் 3 கோடிப் பேருக்கு மேல் உதவி தேவைப்படுகிறது என்று 2025இல் ஐ.நா. கணக்கிட்டது. இத்தனை பெரிய துயரம் செய்தித்தாள்களில் பெரும்பாலும் உள்பக்கத்து மூலையில்தான் இடம்பெறுகிறது. இதைக் கண்டு மனம் பொறாமல், நான்கைந்து பேராகச் சேர்ந்து ஏதேனும் செய்ய முனைகிறவர்களுக்காகவும், ஏற்கெனவே இயங்கும் தொண்டு அமைப்பின் பணிகளோடு சூடானையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இப்படிக் கூடுகிற குழுக்கள் முதல் கூட்டத்திலேயே சுவரொட்டியின் நிறத்தையும் ஊர்வலத்தின் தேதியையும் பேசத் தொடங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவை பின்னால் வர வேண்டிய வேலைகள். செய்தியைத் தெரிந்துகொண்ட ஒருவர் அடுத்து யாரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால், அவர் சற்று நேரம் வருந்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆகவே கோரிக்கையை முதலில் தீர்மானியுங்கள். சுவரொட்டியை அந்தக் கோரிக்கைக்காக எழுதுங்கள். கோரிக்கையைத் தீர்மானிக்க வேண்டுமானால், அதற்கு முன்பு நாட்டை அறிந்திருக்க வேண்டும்.

முதலில் படித்துத் தெளிய வேண்டியவை

குழுவில் உள்ள ஒவ்வொருவரும், எந்தத் தாளையும் பார்க்காமல், ஐந்து நிமிடத்தில் சூடானின் அண்மைக்கால வரலாற்றைச் சொல்லும் அளவுக்குப் பயில வேண்டும். 2018 டிசம்பரில் அத்பரா முதலான நகரங்களில் ரொட்டி விலை உயர்வை ஒட்டி வெடித்த மக்கள் எழுச்சி, முப்பது ஆண்டு ஆண்ட ஒமர் அல்-பஷீரை 2019 ஏப்ரல் 11 அன்று பதவியிலிருந்து இறக்கியது. இராணுவத் தலைமையகத்தின் முன் அமைதியாக அமர்ந்திருந்த மக்கள் அந்த ஆண்டு ஜூன் 3 அன்று கொன்று குவிக்கப்பட்டார்கள். அதன் பிறகும் அவர்கள் பின்வாங்காததால், பொதுமக்கள் தரப்பும் இராணுவமும் சேர்ந்த இடைக்கால அரசு அப்தல்லா ஹம்தோக்கைப் பிரதமராகக் கொண்டு அமைந்தது. அந்த அரசை 2021 அக்டோபர் 25 அன்று கவிழ்த்தவர்கள், இராணுவத் தலைவர் அப்தெல் ஃபத்தா அல்-புர்ஹானும் துரித ஆதரவுப் படையின் தலைவர் ஹெமெத்தி என்கிற முகமது ஹம்தான் தகாலோவும் ஆவர். சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்த இருவரும் பின்னர் ஒருவரை ஒருவர் எதிர்த்துத் தொடங்கியதே இந்தப் போர்.

இந்தத் தொடர்ச்சியை அறியாதவர்கள் இதை "இரு தளபதிகளின் பதவிச் சண்டை" என்று சுருக்கிவிடுகிறார்கள், அல்லது "காலங்காலமான இனச் சண்டை" என்று கைகழுவிவிடுகிறார்கள். இரண்டுமே தவறான இடத்துக்கு இட்டுச் செல்லும். முதலாவது, பொதுமக்கள் ஆட்சியைக் கேட்டு எழுந்த மக்களையே கதையிலிருந்து அகற்றிவிடுகிறது. இரண்டாவது, அரசுகள் எடுத்த முடிவுகளை இயற்கைச் சீற்றம்போல் காட்டிவிடுகிறது. துரித ஆதரவுப் படை வானத்திலிருந்து குதிக்கவில்லை; 2003இல் நாட்டின் மேற்கிலுள்ள டார்ஃபூர் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்க பஷீர் அரசு ஆயுதம் கொடுத்து ஏவிய ஜஞ்சவீத் குழுக்களே 2013இல் அந்தப் பெயரில் முறைப்படுத்தப்பட்டன. அதே வேளையில், அந்தப் படையினர் இனத்தை அடையாளம் கண்டு கொன்றார்கள் என்ற உண்மையை மென்மையாக்கவும் கூடாது. 2023இல் மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனெய்னாவில் மசாலித் மக்கள் மசாலித்துகள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள்; அந்த ஒரு நகரில் 10,000 முதல் 15,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு பின்னர் குறிப்பிட்டது.

சூடானும் தென் சூடானும் 2011 ஜூலை 9 முதல் இரு வேறு நாடுகள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தவறான கொடியோடு அச்சான ஒரு துண்டறிக்கை, நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களையே முதலில் புண்படுத்தும். அச்சகத்துக்கு அனுப்புமுன் சூடானியர் ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்பதை மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சூடானியரின் தலைமையில்

"குரலற்றவர்களின் குரல்" என்ற தொடரை உங்கள் அமைப்பின் எந்தத் தாளிலும் பயன்படுத்தாதீர்கள். சூடான் மக்கள் குரலற்றவர்கள் அல்லர். எழுச்சிக் காலத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலும் உருவான எதிர்ப்புக் குழுக்களின் இளைஞர்களே, போர் தொடங்கிய சில நாள்களுக்குள் அவசர உதவி அறைகள் என்ற பெயரில் மீண்டும் கூடி, மருந்து தேடினார்கள், காயமுற்றோரை வெளியேற்றினார்கள், பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். அறுவடைக்கும் வீடு கட்டவும் ஊரே கூடி உழைக்கும் "நஃபீர்" என்ற பழைய வழக்கத்திலிருந்தே இந்த அறைகள் வலிமை பெற்றன. பன்னாட்டு அமைப்புகள் நுழைய முடியாத இடங்களில் உணவு சென்று சேர்ந்தது இவர்கள் வழியாகத்தான். 2025இல் நார்வேயின் ராஃப்டோ பரிசும் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருதும் இவர்களுக்குக் கிடைத்தன. இத்தகையவர்களின் சார்பாகப் பேசுகிறவர் தம்மைத் தூதுவராக எண்ணிக்கொள்வதே பொருத்தம். தூதுவருக்குத் தாம் கொண்டுசெல்லும் செய்தியைத் திருத்தும் உரிமை இல்லை.

நடைமுறையில் இதன் பொருள், கோரிக்கைகளை முடிவு செய்யும் குழுவில் சூடானியர்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே. கோரிக்கைகள் முடிவான பிறகு ஒருவரை அழைத்து மேடையில் அழ வைப்பது பங்கேற்பு ஆகாது. புலம்பெயர்ந்த சூடானியர் எல்லோரும் ஒரே கருத்துடையவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். கார்ட்டூமில் வீட்டைப் பறிகொடுத்தவர், தம் தெருவைத் துரித ஆதரவுப் படையிடமிருந்து மீட்ட இராணுவத்தை ஆதரிக்கக்கூடும். தெற்கிலுள்ள நூபா மலைகளிலிருந்தோ டார்ஃபூரிலிருந்தோ வந்தவர், அதே இராணுவத்தின் விமானங்கள் பல ஆண்டுகளாகத் தம் ஊர்கள்மீது குண்டு வீசியதை மறந்திருக்க மாட்டார். இருவரையும் கேளுங்கள். அமைப்பின் நிலைப்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதி முதலிலேயே ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்: பொதுமக்களைத் தாக்குவதையும் உணவைத் தடுப்பதையும் யார் செய்தாலும் பெயர் சொல்லிக் கண்டிப்போம், எந்தப் படைக்கும் கொடி பிடிக்க மாட்டோம் என்று. இரு தரப்பின் குற்றங்களையும் சொல்வது, அவை எல்லாம் ஒரே அளவின என்று சொல்வதாகாது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு இனப்படுகொலை என்று தீர்மானித்தது துரித ஆதரவுப் படையும் அதன் கூட்டுக் குழுக்களும் செய்தவற்றைத்தான். அதே மாதம் அது அல்-புர்ஹான்மீதும் தடை விதித்தது. இத்தகைய நுணுக்கங்களோடு பேசுகிறவரையே அதிகாரிகள் மறுமுறையும் அழைப்பார்கள்.

யாரிடம், எதை, எப்போது

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வற்புறுத்த விரும்பும் பகுதி இதுதான். "சூடானில் அமைதி வேண்டும்" என்பது வேண்டுதல். கோரிக்கை என்றால், அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அவர் செய்தாரா இல்லையா என்பதை ஆறு மாதம் கழித்து நீங்கள் சரிபார்க்க முடிய வேண்டும்.

ஆயுதத் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2004இல் நிறைவேற்றிய 1556ஆம் தீர்மானமும் 2005இன் 1591ஆம் தீர்மானமும் டார்ஃபூருக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கின்றன. சூடானின் மற்றப் பகுதிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஐ.நா.வின் உண்மை கண்டறியும் குழு 2024 செப்டம்பரில் இதை நாடு முழுவதற்கும் விரிவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தத் தடை ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் நாட்டின் வெளியுறவு அமைச்சுக்கு எழுதும் கடிதம் ஜூன், ஜூலை மாதங்களிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். செப்டம்பரில் எழுதினால் முடிவு எடுத்த பிறகு எழுதியதாகிவிடும். உங்கள் நாடு பாதுகாப்புச் சபையில் இல்லாவிட்டாலும் கேட்க வேறு கேள்விகள் உண்டு. பிரான்சில் தயாரான தற்காப்புக் கருவிகள், ஐக்கிய அரபு அமீரகத்தில் செய்த கவச வண்டிகளில் பொருத்தப்பட்டு டார்ஃபூரில் பயன்படுவதை 2024 நவம்பரில் ஆம்னஸ்டி இண்டர்நேஷனல் ஆவணப்படுத்தியது. நேரடியாகச் சூடானுக்கு விற்காத நாட்டின் பொருளும் இப்படிச் சுற்றி அங்கே போய்ச் சேர முடிகிறது. எனவே, "அமீரகத்துக்கு நாம் வழங்கும் ஆயுத ஏற்றுமதி உரிமங்களில் மறுஏற்றுமதிக்கு என்ன நிபந்தனை இருக்கிறது, அதை யார் கண்காணிக்கிறார்கள்?" என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை அவையில் கேட்க வைப்பது, ஆயிரம் பேர் கையெழுத்திட்ட பொதுவான மனுவைவிடப் பயன் தரும். அமீரகம் துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் தருவதாகச் சொல்லப்படுவதை மறுத்து வருகிறது என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்து எழுதுங்கள். எதிர்த்தரப்பின் மறுப்பை மறைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

நீதி தொடர்பான கோரிக்கையும் இதே போன்றது. 2005இன் 1593ஆம் தீர்மானத்தின்படி பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு டார்ஃபூர்மீது மட்டுமே அதிகாரம் உண்டு. கார்ட்டூமிலும் நடுச் சூடானின் ஜெசீரா மாநிலத்திலும் நடந்த கொடுமைகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அந்த எல்லையை விரிவாக்கக் கேட்கலாம். இதெல்லாம் பயனற்றது என்று சொல்கிறவர்களிடம், ஜஞ்சவீத் தலைவர் அலி குஷய்ப் 2003, 2004இல் செய்த குற்றங்களுக்காக 2025 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஆனது உண்மை. சாட்சியங்களைச் சிலர் அத்தனை காலம் காத்து வைத்திருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. ஐ.நா. மனித உரிமை மன்றம் 2023 அக்டோபரில் அமைத்த உண்மை கண்டறியும் குழுவின் பணிக்காலத்தை ஒவ்வொரு முறையும் நீட்டிக்க வாக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் நாடு அந்த மன்றத்தில் உறுப்பினராக இருக்கும் ஆண்டுகளில் இதைத் தவறவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஐ.நா.வின் சூடானுக்கான மனிதாபிமானத் திட்டம் 2024இல் 270 கோடி டாலரும் 2025இல் 420 கோடி டாலரும் கேட்டது. இரண்டு ஆண்டுமே முழுத் தொகை வரவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது நூற்றுக்கணக்கான சமூகச் சமையற்கூடங்கள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. "நம் அரசு இவ்வளவு தர வேண்டும்" என்பதோடு, "அதில் ஒரு குறிப்பிட்ட பங்கு உள்ளூர் அவசர உதவி அறைகளுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும்" என்றும் கேளுங்கள். சாட் நாட்டிலிருந்து டார்ஃபூருக்குள் உணவு செல்லும் அத்ரே எல்லைச் சாவடி 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு ஆகஸ்டில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த மாதங்களிலேயே, வடக்கு டார்ஃபூரின் தலைநகரான எல் ஃபாஷிருக்கு அருகிலுள்ள ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக, பஞ்சத்தை மதிப்பிடும் பன்னாட்டு வல்லுநர் குழு உறுதி செய்தது. ஒரு சாவடி திறந்திருப்பதும் மூடியிருப்பதும் எத்தனை பெரிய வேறுபாடு என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சந்திப்புக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுசெல்லுங்கள். மேலே கோரிக்கை, கீழே மூன்று உண்மைகள், கடைசியில் தொடர்புக்கான விவரம், அவ்வளவு போதும். இருபது நிமிடச் சந்திப்பில் பதினைந்து நிமிடம் சூடானியரே பேசட்டும், மீதியில் "இதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள்?" என்று நீங்கள் கேளுங்கள். அன்றே நன்றிக் கடிதம் அனுப்பி, அவர் ஒப்புக்கொண்டதை அதில் எழுத்தில் பதிந்துவிடுங்கள். உங்கள் அமைப்பு பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளை என்றால், சட்டத்துக்காகப் பரிந்து பேசுவதற்கு என்ன வரம்பு என்பதை முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்சி சார்ந்த ஆதரவைப் பல நாடுகள் தொண்டு அமைப்புகளுக்கு அனுமதிப்பதில்லை.

எண்களைக் கையாளும் முறை

போரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஒற்றை விடை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, கார்ட்டூம் மாநிலத்தில் மட்டும் முதல் 14 மாதங்களில் எல்லாக் காரணங்களாலும் 61,000க்கு மேற்பட்டோர் இறந்திருப்பர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 26,000 பேர் வன்முறையால் இறந்தவர்கள் என்றும் மதிப்பிட்டது. இதை மேற்கோள் காட்டும்போது "கார்ட்டூம் மாநிலம்", "14 மாதம்", "எல்லாக் காரணங்களும்", "மதிப்பீடு" என்ற நான்கில் எதையும் விட்டுவிடக் கூடாது. எந்த எண்ணை எழுதினாலும் அருகில் மாதத்தையும் ஆண்டையும், யார் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.

இதில் கவனக்குறைவு என்ன விலை கேட்கும் என்பதற்கு டார்ஃபூரே சான்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் டார்ஃபூருக்காக எழுந்த பேரியக்கம், 2006 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனில் பல்லாயிரம் பேரைத் திரட்டும் அளவுக்கு வளர்ந்தது. அந்த இயக்கத்தின் விளம்பரங்களில் 4 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக வந்த எண்ணைக் குறித்து, வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள ஒன்றை உறுதியான உண்மைபோல் சொல்லக் கூடாது என்று 2007இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பளித்தது. குற்றம் நடந்ததில் ஐயமே இல்லாதபோதும், பேச்சு குற்றத்தை விட்டு எண்ணைப் பற்றியதாக மாறிவிட்டது. குறைத்துச் சொன்ன எண்ணால் உங்களுக்கு இழப்பில்லை. மிகைப்படுத்திய ஓர் எண், நீங்கள் அதற்கு முன்பு சொன்ன எல்லாவற்றையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

படங்களும் சாட்சியங்களும்

எல் ஃபாஷிர் நகரம் ஐந்நூறு நாள்களுக்கு மேல் முற்றுகையில் கிடந்து, 2025 அக்டோபர் 26 அன்று துரித ஆதரவுப் படையிடம் வீழ்ந்தபோது, கொலைகாரர்களே தங்கள் கொலைகளைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். அந்தக் காட்சிகளைப் பரப்ப வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இறந்தவரின் தாய் அதைப் பார்க்கக்கூடும். அதை எடுத்தவர்களின் நோக்கமும் அச்சத்தைப் பரப்புவதே. அத்தகைய காணொளி கையில் கிடைத்தால் அழிக்காமல், வெளியிடாமல், சான்று திரட்டும் மனித உரிமை அமைப்புகளிடம் ஒப்படையுங்கள். விளக்கிக் காட்ட வேண்டுமானால், யேல் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமான ஆய்வகம் வெளியிட்ட செயற்கைக்கோள் படங்கள் போதுமான அளவு பேசும்.

தப்பி வந்தவரிடம் சாட்சியம் கேட்கும்போது, அவர் சம்மதத்தை ஒருமுறை மட்டும் கேட்டால் போதாது. பேசுவதற்கு முன்பும், பேசிய பின்பும், வெளியிடும் முன்பும் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொல்லும் வழியை எளிதாக வைத்திருங்கள். பயிற்சி இல்லாதவர் எவரும், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரை அதைப் பற்றிக் கேட்டுத் துருவக் கூடாது. மொழிபெயர்ப்பாளரைச் சாட்சி சொல்பவரே தேர்ந்தெடுக்கட்டும், ஏனெனில் ஊரும் இனமும் அங்கே உயிர் தொடர்பான செய்திகள். சூடானுக்குள் இருப்பவர்களைப் பொறுத்தவரை இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: அவசர உதவி அறைகளின் தன்னார்வலர்களை இரு தரப்புப் படைகளும் கைது செய்திருக்கின்றன, கொன்றும் இருக்கின்றன. சமையற்கூடம் இருக்கும் தெரு, தன்னார்வலரின் முகம், அவர் அனுப்பிய படத்தில் மறைந்திருக்கும் இடக்குறிப்பு ஆகிய எதுவும் வெளியே போகக் கூடாது. நன்றி சொல்லும் ஆர்வத்தில் பெயரைப் போட்டுவிடுகிறவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள்.

அவர்களுடைய நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். பல ஊர்களில் தொலைபேசி இணைப்பு அறுந்து, ஸ்டார்லிங்க் கருவி உள்ள இடத்துக்கு நடந்துபோய்க் காசு கொடுத்துத்தான் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பதைவிட, மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது நல்லது.

பணம் திரட்டுவதானால்

2019 ஜூன் படுகொலைக்குப் பின் உலகெங்கும் சமூக ஊடகங்களில் முகப்புப் படங்கள் நீல நிறமாக மாறியபோது, தன்னைப் பின்தொடர்ந்து பகிர்ந்தாலே சூடானுக்கு உணவு அனுப்புவதாகச் சொன்ன ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு சில நாள்களில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தது. உணவு எதுவும் அனுப்பப்பட்டதற்குச் சான்று இல்லை. மக்களின் இரக்கம் உண்மையானது. அது போய்ச் சேரும் வழிதான் சரியாக இருக்கவில்லை.

பணம் வாங்குமுன் அது யார் கைக்கு, எந்த வழியாகப் போகும் என்பதை எழுதி வெளியிடுங்கள். சூடானுக்குள் பெரும்பாலும் கார்ட்டூம் வங்கியின் பங்கக் செயலி வழியாகவே பணம் கைமாறுகிறது. இணைப்பு இல்லாத நாளில் அதுவும் நின்றுவிடும். அமெரிக்காவின் பொதுவான பொருளாதாரத் தடைகள் 2017இலேயே நீங்கியும், பல வங்கிகள் "சூடான்" என்ற சொல்லைக் கண்டாலே பணத்தை நிறுத்தி வைக்கின்றன. ஆகவே சிறு அமைப்புகள் தாமே அனுப்ப முயல்வதைவிட, அவசர உதவி அறைகளோடு ஏற்கெனவே ஒப்பந்தம் கொண்டுள்ள அமைப்பு ஒன்றின் வழியாக அனுப்புவதே என் பரிந்துரை. பற்றுச்சீட்டு கேட்கும்போது போர்க்களத்தில் இருப்பவரிடம் எது கேட்கத் தகும், எது தகாது என்பதையும் எண்ணிக் கேளுங்கள்.

நாள்களும் நீடிப்பும்

ஏப்ரல் 15, ஜூன் 3, அக்டோபர் 25, 2018 எழுச்சி தொடங்கிய டிசம்பர் 19 ஆகிய நாள்கள் சூடானியருக்குப் பொருள் உள்ளவை. கூட்டங்களை அவற்றை ஒட்டி வைத்தால் செய்தியாளரும் வருவர், சூடானியரும் அதைத் தம் நிகழ்வாக உணர்வர். ஏப்ரல் 15 அன்று 2024இல் பாரிஸிலும் 2025இல் லண்டனிலும் அரசுகளின் மாநாடுகள் நடந்தன. அன்று அளித்த வாக்குறுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, எவ்வளவு நிறைவேறியது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்பது வேறு யாரும் செய்ய முன்வராத, மிகத் தேவையான வேலை. துயரத்தை மட்டும் காட்டாதீர்கள். சூடானின் பாடலும் கவிதையும் உணவும் இடம்பெறும் ஒரு மாலையில் வந்தவர்கள், அந்த மக்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் நினைவில் கொள்ள மாட்டார்கள்.

எல் ஃபாஷிர் வீழ்ந்த வாரத்தில் உலகம் திரும்பிப் பார்த்தது. சில வாரங்களில் பார்வை விலகியது. அப்படிப் பார்வை திரும்பும் நாளில் தயாராக இருப்பதற்காகவே மற்ற மாதங்களின் வேலை இருக்கிறது: புதுப்பித்த ஒரு பக்கக் குறிப்பு, பேச ஒப்புக்கொண்ட சூடானியர் இருவர், முன்பே பழகிய செய்தியாளர் ஒருவர், எழுதி முடித்த கோரிக்கை. மாதம் ஒருமுறை கூடுங்கள், பணியைப் பிரித்துக்கொள்ளுங்கள், தொடர்ந்து சாட்சியங்களைக் கேட்பவருக்கு ஓய்வு கொடுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், என்ன கேட்டோம், என்ன விடை கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அரபியில் அரைப் பக்கத்தில் எழுதி, சூடானுக்குள் இருக்கும் உங்கள் தொடர்பாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இணைப்புக் கிடைக்கும் நாளில் அவர்கள் படிப்பார்கள். அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர்களே எழுதுவார்கள்.